ஒரே காருக்கு எத்தனை முறை வரி?



கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே புறப்பட்டு, தஞ்சோங் காராங்கைக் கடந்து, செகிஞ்சானை நோக்கி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருபுறம் கடலும் மீன்பிடிப் படகுகளும். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். உட்புறம் திரும்பினால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த பெஸ்தாரி ஜெயா என்று செம்பனைத் தோட்டங்கள் தொடர்கின்றன. 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் உருவான இடமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதற்குத் தென்னமரம் தோட்டம் என்று நம் மொழியிலேயே பெயர் வாய்த்தது.

இந்தத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு இன்று மோட்டார் சைக்கிளோ காரோ ஆடம்பரப் பொருள் அன்று. பள்ளிக்கூடம் ஓரிடத்தில் இருக்கிறது. மருத்துவமனை வேறிடத்தில் இருக்கிறது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லயத்து வாசலில் பேருந்து வந்து நிற்பதில்லை. ஆகவே ஒரு வண்டி வேண்டும். புது வண்டி வாங்க நம்மில் எத்தனை பேருக்கு வசதி உண்டு? பெரும்பாலும் நாம் வாங்குவது பழைய வண்டிதான். பட்டணத்தில் ஒருவர் புதிதாக வாங்கி, இன்னொருவருக்கு விற்று, அவர் மற்றொருவருக்கு விற்று, நான்காம் கையாகவோ ஐந்தாம் கையாகவோ அது நம் வாசலுக்கு வந்து சேர்கிறது.

அண்மையில் ஒரு தேநீர்க்கடையில் இப்படி ஒரு பேச்சு நம் காதில் விழுந்தது. பழைய கார் ஒன்றை வாங்கவிருந்த இளைஞர் ஒருவர் தம் தாய்மாமனிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, இந்தக் காரு புதுசா வெளியான அன்னைக்கே வரி கட்டியாச்சு. அப்புறம் வாங்கினவங்களும் ஆளுக்கு ஆள் கட்டியிருக்காங்க. இப்ப நானும் கட்டணுமாம். ஒரே காருக்கு எத்தனை தடவை வரி கட்டறது?”

“ஏன்டா தம்பி, காரு வீட்டுக்குள்ளயா ஓடுது? ரோட்டுல தானே ஓடுது? ரோட்டைப் போட்டது யாரு? கட்டித்தான் ஆகணும்.”

மருமகன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது; மாமா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் வெவ்வேறு வரிகளைப் பற்றிப் பேசினார்கள் என்பதுதான் உண்மை. ஆகவே, ஒரு கார் கைமாறும் ஒவ்வொரு முறையும் அதற்கு வரி விதிப்பது நியாயமா என்பதை இன்று நாம் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவதாக, வண்டியின் பேரில் நம் கையை விட்டுப் போகும் பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, பொருளை விற்கும்போது விதிக்கப்படும் வரி. புதிய கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போதும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும்போதும் இது விதிக்கப்படுகிறது. நம் நாட்டில் விற்பனை வரிச் சட்டம் 1972 பிப்ரவரி 29ஆம் நாள் நடப்புக்கு வந்தது. கார்களுக்கு இவ்வரியோடு கலால் வரியும் உண்டு. காரின் வகைக்கும் இயந்திர அளவுக்கும் ஏற்ப அது 60 விழுக்காட்டிலிருந்து 105 விழுக்காடு வரை போகிறது. உள்நாட்டுப் பாகங்களை அதிகமாகப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்குச் சலுகை கிடைப்பதால், எல்லாக் கார்களின் மீதும் இச்சுமை ஒரே அளவில் விழுவதில்லை.

இரண்டாவது, சாலையைப் பயன்படுத்துவதற்கான வரி. ‘ரோட் டாக்ஸ்’ என்று நாம் சொல்வது இதைத்தான். வண்டி எத்தனை கை மாறினாலும் மாறாவிட்டாலும், சாலையில் ஓடும் காலமெல்லாம் இதைக் கட்ட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1,001 முதல் 1,200 சிசி வரை 55 ரிங்கிட், 1,401 முதல் 1,600 சிசி வரை 90 ரிங்கிட். 150 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு 2 ரிங்கிட்தான். பெரிய இயந்திரத்துக்கு வரியும் பெரிது. மாமா பேசியது இந்த வரியைப் பற்றி. ஆண்டுதோறும் ஓட்டுகிறோம், ஆண்டுதோறும் கட்டுகிறோம். இதை ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப வரி என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, சேவைக் கட்டணம். பெயர் மாற்றம் செய்யும்போது வண்டியைச் சோதிப்பதற்கும், சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை மாற்றுவதற்கும் கட்டும் பணம் இது. ஒருவர் நமக்காக ஒரு வேலை செய்கிறார். அதற்குக் கூலி கொடுக்கிறோம். வண்டியின் விலை 5,000 ரிங்கிட்டோ 50,000 ரிங்கிட்டோ, எழுத்து வேலை ஒன்றுதான். ஆகவே அந்தக் கட்டணமும் வேலைக்குத் தக்கதாக இருப்பதே முறை.

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மிடையே வீண் வாக்குவாதம் வருகிறது. இன்றைய நம் கேள்வி முதல் வகையைப் பற்றியது மட்டுமே.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமே கொடுத்து எழுதச் சொல்லலாம்.

ஒரு கார் புதிதாக 40,000 ரிங்கிட். முதல் சொந்தக்காரர் அதை 25,000 ரிங்கிட்டுக்கு விற்கிறார். இரண்டாமவர் 15,000க்கு விற்கிறார். மூன்றாமவர் 8,000க்கு விற்கிறார். நான்காமவர் நம் தோட்டத்து மருமகன். அவர் அதைத் தேயும்வரை ஓட்டுகிறார். ஒவ்வொரு விற்பனையிலும் முழு விலைக்கு 6 விழுக்காடு வரி என்று ஒரு சட்டம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதல் விற்பனையில் 2,400 ரிங்கிட், அடுத்து 1,500, அடுத்து 900, கடைசியில் 480. ஆக மொத்தம் 5,280 ரிங்கிட்.

இதே மாதிரி இன்னொரு கார். அதை வாங்கியவர் விற்கவே இல்லை. கடைசிவரை அவரே வைத்துக்கொண்டார். அந்தக் காரின் மீது விழுந்த விற்பனை வரி 2,400 ரிங்கிட் மட்டுமே.

இரண்டும் ஒரே கார். ஒரே தூரம் ஓடின. ஒரே சாலையைத் தேய்த்தன. ஆனால் ஒன்றின் மீது 2,880 ரிங்கிட் அதிகமாக வரி விழுந்திருக்கிறது. காரணம் என்ன? அது கைமாறியது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. முழு விலைக்குத் திரும்பத் திரும்ப வரி விதிப்பதில் உள்ள முதல் குறை இதுதான். பொருளின் மதிப்பையோ பயனையோ பார்க்காமல், எத்தனை பேர் கையில் அது இருந்தது என்பதைப் பார்த்து வரி ஏறுகிறது.

அந்தக் கடைசி 480 ரிங்கிட்டை மறுபடியும் பாருங்கள். இன்று இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள் வேலைக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 65 ரிங்கிட். 480 ரிங்கிட் என்பது ஏழு நாள் கூலிக்கு மேல். ஏழு நாள் செம்பனைக் குலை வெட்டி, சுமந்து, ஏற்றிய கூலி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவர் நல்ல காரை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்க முடியும். நாமோ தேய்ந்த காரை மலிவாக வாங்குகிறோம். மூன்று நான்கு ஆண்டுகளில் அது படுத்துவிடுகிறது. மறுபடியும் இன்னொன்றைத் தேடிப் போகிறோம். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் வரி என்றால், அடிக்கடி வாங்க வேண்டிய ஏழைதான் அடிக்கடி அந்த வரியைச் சந்திப்பான்.

“அப்படியானால் பழைய காருக்கு வரியே கூடாது என்கிறீர்களா?” என்று சிலர் கேட்கலாம். அவசரப்படாமல் எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் கேட்போம்.

அவர்கள் சொல்வது இது: வரிப் பணத்தில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது, மருத்துவமனையில் மருந்து கிடைக்கிறது. பழைய கார் வியாபாரி ஒரு காரை 6,500க்கு வாங்கி, கழுவி, பழுது பார்த்து, சாயம் பூசி 8,000க்கு விற்கிறார். அந்த 1,500 ரிங்கிட் அவருடைய உழைப்புக்கும் முதலுக்கும் கிடைக்கும் புதிய வருமானம். மற்ற வியாபாரிகளின் மேல் வரி இருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் விலக்கு?

கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்த வாதம் எந்தத் தொகையைக் காட்டுகிறது என்று பாருங்கள். 8,000 ரிங்கிட்டையா? இல்லை, 1,500 ரிங்கிட்டை. புதிதாகச் சேர்ந்த மதிப்பு அவ்வளவுதான். மீதமுள்ள 6,500 ரிங்கிட் பழைய மதிப்பு. அதற்குரிய வரி காரைப் புதிதாக வாங்கிய அன்றே கட்டப்பட்டுவிட்டது. ஆகவே, வரி வேண்டும் என்றால் வித்தியாசத் தொகைக்கு மட்டும் போடலாம் என்ற முடிவு தானாகவே வருகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் நாட்டிலேயே நடந்தது. 2015 ஏப்ரல் முதல் நாள் ஜிஎஸ்டி என்னும் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் நடப்புக்கு வந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அப்போது பழைய கார் வியாபாரிகளுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு சுங்க இலாகாவின் அனுமதி பெற்ற வியாபாரி, காரின் முழு விலைக்கு வரி கட்டத் தேவையில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் கட்டினால் போதும். நாம் சொன்ன எடுத்துக்காட்டில் 1,500 ரிங்கிட் வித்தியாசத்துக்குள் அடங்கும் வரி சுமார் 85 ரிங்கிட். முழு விலைக்கு என்றால் 480 ரிங்கிட். எவ்வளவு வேறுபாடு, பாருங்கள்! பதிவு பெற்ற வியாபாரியாக இல்லாமல் தன் சொந்தக் காரை விற்ற சாதாரண மனிதருக்கு அந்த வரி அறவே இல்லை.

2018 ஜூன் முதல் நாள் ஜிஎஸ்டி வரி விகிதம் சுழியமாக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. விற்பனை வரி ஒரே கட்டத்தில் விதிக்கப்படுவது. தயாரிப்பாளர் விற்கும்போது அல்லது பொருள் இறக்குமதியாகும்போது, ஒரு தடவை. அதன் பிறகு உள்நாட்டில் பதிவாகி ஓடிய கார் கைமாறும்போது அந்த விற்பனைக்கு விற்பனை வரி இல்லை. இதை நாம் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எவரேனும் பழைய காரை விற்கும்போது, “விலைக்கு மேல் இத்தனை விழுக்காடு அரசாங்க விற்பனை வரி” என்று சொன்னால், அது எந்த வரி, ரசீது எங்கே என்று மரியாதையாகக் கேட்பது நம் உரிமை.

சரி, ஒரே தடவைதான் வரி என்றால் நான்காம் கையாக வாங்கும் நம் மருமகன் வரியே கொடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அவரும் கொடுக்கிறார், ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எப்படி என்று பார்ப்போம்.

அந்த 40,000 ரிங்கிட் விலையில் 10,000 ரிங்கிட் பலவகை வரி என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகத்தான் சொல்கிறோம். முதல் சொந்தக்காரர் 25,000க்கு விற்கும்போது, விலையோடு சேர்த்து அந்த வரியிலும் எட்டில் ஐந்து பங்கை அடுத்தவர் தலைக்கு மாற்றிவிடுகிறார். அவர் தாங்கியது 3,750 ரிங்கிட். இரண்டாமவர் தாங்கியது 2,500. மூன்றாமவர் தாங்கியது 1,750. மிச்சம் 2,000 ரிங்கிட் நம் மருமகன் கொடுக்கும் 8,000 ரிங்கிட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: சரியாக 10,000 ரிங்கிட் வரும். ஒரு மூட்டை அரிசியை நான்கு வீட்டார் அவரவர் எடுத்துக்கொண்ட அளவுக்குப் பணம் போட்டு வாங்குவதைப் போல, ஒருமுறை கட்டிய வரியைக் காரின் பயனை அனுபவித்த நால்வரும் தத்தம் பங்குக்கு ஏற்பத் தாங்கிவிடுகிறார்கள்.

ஆகவே, “பழைய கார் வாங்குபவர்கள் வரி கொடுக்காமல் தப்பித்துக்கொள்கிறார்கள்” என்று எவரேனும் சொன்னால் அது சரியன்று. விலைக்குள் இருக்கும் வரியைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் அந்த விலைக்கே வரி கட்டினால், அது வரிக்கு வரி ஆகும்.

இந்த வரிக்கு வரி என்பது உலகத்துக்குப் புதிதன்று. ஸ்பெயின் நாட்டில் பல நூற்றாண்டுக் காலம் ‘அல்காபாலா’ என்றொரு வரி இருந்தது. ஒரு பொருள் எத்தனை தடவை விற்கப்படுகிறதோ அத்தனை தடவையும் விலையில் ஒரு பங்கு அரசுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் அது 10 விழுக்காடாக இருந்தது. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட தம் நூலில் இந்த வரியைக் கடுமையாகக் குறைகூறினார். விற்பனைதோறும் வரி தொடர்ந்தால், அதைக் கண்காணிக்க எண்ணற்ற அதிகாரிகள் வேண்டும். கைத்தொழிலும் உழவும் நலியும் என்பது அவர் கருத்து. 1845இல்தான் ஸ்பெயின் அதைக் கைவிட்டது. ஜெர்மனியிலும் கட்டத்துக்குக் கட்டம் முழு விலைக்கு விதிக்கப்பட்ட வரி இருந்தது. 1968 ஜனவரி முதல், கூடிய மதிப்புக்கு மட்டும் விதிக்கும் வரியாக அதை மாற்றிவிட்டார்கள்.

நம் முன்னோர் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது. எத்தனையோ மன்னர்கள் போரில் வென்று பட்டம் பெற்றார்கள். இவருக்கோ பொருள்கள் மீதான சுங்கத்தை நீக்கியதே பட்டமாயிற்று. அந்நாளைய மக்களுக்கு அந்தச் சுமை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை இந்தப் பெயர் ஒன்றே சொல்கிறது.

இன்றைய உலகிலும் எல்லா நாடுகளும் ஒரே வழியில் செல்லவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பழைய கார் கைமாறும் ஒவ்வொரு முறையும் முழு விலைக்கு வரி வாங்குகின்றன. கலிபோர்னியாவில் வியாபாரியிடம் வாங்காமல் அண்டை வீட்டாரிடம் வாங்கினாலும் வரி உண்டு. ஆனால் பெற்றோர் பிள்ளைக்கு விற்றால் விலக்கு அளிக்கிறார்கள். ஒரிகன், மொன்டானா போன்ற சில மாநிலங்களில் பொது விற்பனை வரியே இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காரின் பதிவை மாற்றும்போது, 45,000 டாலர் வரை மதிப்புள்ள காருக்கு நூற்றுக்கு மூன்று டாலர் என்று முத்திரை வரி வாங்கப்படுகிறது. அதற்கு மேல் விகிதம் கூடும். பிரிட்டனில் பழைய கார் வியாபாரி தமக்குக் கிடைக்கும் வித்தியாசத் தொகைக்கு மட்டும் வரி கட்டும் முறை இருக்கிறது.

இந்தியாவில் நடந்தது நமக்கு ஒரு நல்ல பாடம். 2024 டிசம்பர் 21ஆம் நாள் இராஜஸ்தானிலுள்ள ஜெய்சால்மரில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமையில் ஜிஎஸ்டி மன்றம் கூடியது. அதுவரை பழைய கார்களில் சிலவற்றுக்கு 12 விழுக்காடும் பெரிய கார்களுக்கு 18 விழுக்காடுமாக இருந்த வரியை, எல்லாவற்றுக்கும் 18 விழுக்காடு என்று ஒன்றாக்க முடிவு செய்தார்கள். செய்தி வெளியானதும் நாடெங்கும் ஒரே பரபரப்பு. “12 இலட்சத்துக்கு வாங்கிய காரை 9 இலட்சத்துக்கு விற்றால், நட்டமான 3 இலட்சத்துக்கும் வரியா?” என்று பலர் கொதித்தார்கள். உண்மை அப்படியன்று. சொந்தக் காரை இன்னொரு தனிமனிதருக்கு விற்பவருக்கு அந்த வரி இல்லை. பதிவு பெற்ற வியாபாரிக்குத்தான் வரி. அதுவும் அவருக்குக் கிடைக்கும் இலாப வித்தியாசத்துக்கு மட்டும். வித்தியாசம் இல்லையென்றால் வரியும் இல்லை. அரசு இதை விளக்க வேண்டியதாயிற்று. விகிதம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்தத் தொகைக்கு விகிதம் என்று கேட்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

திரும்பத் திரும்ப வரி விதிப்பதால் இன்னொரு தீமையும் உண்டு. மக்கள் அதைத் தவிர்க்கக் குறுக்குவழி தேடுவார்கள். 8,000க்கு விற்ற காரை 2,000க்கு விற்றதாக எழுதுவார்கள். அல்லது பெயரையே மாற்றாமல் விட்டுவிடுவார்கள். இன்று நம் நாட்டில் பழைய கார் விற்பனைக்கு விற்பனை வரி இல்லாதபோதே, சோதனைச் செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சிப் பெயர் மாற்றாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெரிய வரியும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்தானே, சொந்தக்காரர்தானே என்று பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்த ஒரு பெரியவரை நாம் அறிவோம். பணம் கைக்கு வந்துவிட்டது, வண்டி போய்விட்டது, விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்தார். வண்டி எங்கெங்கோ கைமாறியது. பிறகு யாரோ செய்த போக்குவரத்துக் குற்றங்களுக்கெல்லாம் சம்மன் இவர் பெயருக்கு வந்து சேர்ந்தது. “நான் அந்தக் காரைப் பார்த்தே வருஷக் கணக்காச்சு ஐயா” என்று அவர் சொன்னார். பதிவேட்டில் அவர் பெயர் அல்லவா இருக்கிறது! தம் தலையில் விழுந்ததை அவிழ்க்க அவர் வேலையை விட்டு எத்தனையோ நாள் அலைந்தார்.

‘சம்போங் பாயார்’ என்று ஒரு வழக்கம் இருப்பதும் நமக்குத் தெரியும். வங்கிக் கடன் தீராத காரை, மீதித் தவணையைக் கட்டுகிறேன் என்று வாய்ப்பேச்சில் வாங்கிக்கொள்வது. வங்கியின் சம்மதமில்லாமல் இப்படிச் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. வாங்கியவர் தவணை கட்டத் தவறினால் கடன் விற்றவர் பெயரில் நிற்கும். ஒழுங்காகக் கட்டிவந்தாலும், ஒருநாள் கார் பறிபோனால் வாங்கியவருக்குக் காட்ட ஒரு சான்றும் இராது. இரு குடும்பமும் நட்டப்படும், உறவும் கெடும்.

ஆகவே, பழைய வண்டி வாங்கும் நம் குடும்பங்கள் சில காரியங்களைக் கட்டாயம் செய்ய வேண்டும். ‘கிராண்ட்’ என்று நாம் சொல்லும் பதிவு விவரத்தில் சொந்தக்காரர் யார், வங்கியின் உரிமை நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்ட வேண்டிய சம்மன் பாக்கி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இயந்திர எண்ணும் சட்டக எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுப்பதும் பெயர் மாற்றுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். வியாபாரி கேட்கும் தொகையைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும்: காரின் விலை இவ்வளவு, சோதனைக் கட்டணம் இவ்வளவு, பெயர் மாற்றத்துக்கு இவ்வளவு, காப்புறுதி இவ்வளவு, சாலை வரி இவ்வளவு. காப்புறுதிச் சந்தாவின் மீது சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் நாளிலிருந்து அது 8 விழுக்காடு. அது முறையான வரிதான். ஆனால் ‘இதர செலவு’ என்று ஒரே வரியில் பெருந்தொகை எழுதியிருந்தால், அதைப் பிரித்துச் சொல்லும்படி கேட்க நாம் கூச்சப்படக் கூடாது.

இனி, தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். பழைய கார் விற்பனைக்குத் திரும்பத் திரும்ப வரி விதிப்பது நியாயமா?

முழு விலைக்கு ஒவ்வொரு தடவையும் விதிப்பது நியாயமாகாது என்பதே நம் முடிவு. அது ஒரே மதிப்பை மறுபடி மறுபடி கணக்கில் சேர்க்கிறது. மலிவான பொருளை அடிக்கடி வாங்க வேண்டியவர் மீது அதிகமாக விழுகிறது. உண்மையை மறைக்கத் தூண்டுகிறது. வியாபாரி புதிதாகச் சேர்த்த மதிப்புக்கு மட்டும் வரி விதிப்பதை நியாயம் என்று ஏற்கலாம். சாலையைப் பயன்படுத்துவோர் ஆண்டுதோறும் சாலை வரி கட்டுவது கடமை. பதிவு மாற்றும் வேலைக்கு அளவான கட்டணம் கொடுப்பதும் முறையே.

ஜிஎஸ்டி மீண்டும் வருமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. எந்த வரி எந்தப் பெயரில் வந்தாலும், நாம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். எதற்காக இந்த வரி? எந்தத் தொகையின் மீது இந்த வரி? இதே மதிப்புக்கு முன்பே ஒருவர் வரி கட்டியிருக்கிறாரா? இந்த மூன்றையும் தெளிவாகக் கேட்கத் தெரிந்தவரை, கடைக்காரரும் எளிதில் ஏமாற்ற முடியாது. வதந்தியும் எளிதில் கலங்கவைக்க முடியாது.

தேநீர்க்கடை மாமாவும் மருமகனும் அன்று எழுந்து போகும்போது, “சரி, நாளைக்கு நானும் கூட வர்றேன், பேரை மாத்திட்டுத்தான் சாவியை வாங்கணும்” என்று மாமா சொன்னார். வரியைப் பற்றிய வழக்கில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் செய்ய வேண்டிய காரியத்தில் ஒத்துப்போய்விட்டார்கள். அந்தக் கார் இந்நேரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வயலோரச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புவோம்.